அகலப் பட்டையா, சிவப்பு வயரா?

போன வாரம் ஒரு கணினிக் கடையில் அரை மணி நேரம் அறிவாளியாக நின்றேன். வீட்டுக் கணினி, கோபித்துக்கொண்ட மாமனாரைப் போல, எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. புது டிஸ்க் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கல்லாவில் இருந்த பெண், "எம்.டூ போட்டுக்கறீங்களா, சாட்டாவே போதுமா அங்கிள்?" என்று கேட்டாள். அந்த அங்கிளின் வலி அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "உங்க போர்டுல எந்த ஸ்லாட் இருக்கு?" நான் கண்ணை லேசாகச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, ஆழ்ந்து யோசிக்கிறவன் மாதிரித் தலையை ஆட்டினேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஆட்டும் இந்தத் தலையாட்டலை நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பழகி வருகிறேன். அதற்கு ஒருமுறை பெரிய விலை கொடுக்க இருந்தோம். கொடுக்க இருந்தது நான் இல்லை, என் அக்கா. அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற என் சகாக்களே, உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மவுஸுக்குள் ஒரு ரப்பர் குண்டு இருந்ததும், அதைக் கழற்றி உருட்டி விளையாடியதும், அது பீரோவுக்கு அடியில் போனதும் உங்களுக்குத் தெரியும். கணினியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால் கல்யாண வீட்டுத் தோரணம் போலச் சாம்பல் நிறத்தில் அகலமான ஒரு பட்டை வயர் மடிந்து கிடக்கும். அதன் ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. டிஸ்க்கின் பின்புறம் மிளகளவு பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கும். அதை எந்தக் கம்பிமேல் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த டிஸ்க் எஜமானா வேலையாளா என்று முடிவாகும். அந்தத் தொப்பி கீழே விழுந்தால் குடும்பமே தரையில் தவழ்ந்து தேடும். இதெல்லாம் இப்போது எங்கே போயின என்று தெரியவில்லை. ரப்பர் குண்டு பீரோவுக்கு அடியிலேயே இருக்கலாம்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில்; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. செல்போன் வந்துவிட்டது, ஆனால் டவர் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் மட்டும் கிடைத்தது. அவசரச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் அக்கா கீழே கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, கூடவே ஒரு கணினியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நாமக்கல்லில் மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரின் கணினி. மானிட்டர் அக்கா மடியில், பெட்டி என் மடியில், பழைய பிரிண்டர் காலடியில், எல்லா வளைவுகளையும் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வந்தோம். அப்பா பஸ்ஸில் வரவில்லை. அவருக்குப் பத்தாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். காட்டுக்குள் இறங்கும் பழைய ஒத்தையடிப் பாதையில்தான் கீழே போவார், வருவார். பஸ் என்பது எலுமிச்சம்பழம் விற்பவர்களின் சூழ்ச்சி என்று அவர் நம்பினார்.

அக்காவின் திட்டம் எளிமையானது. வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து மலைக்காரர்களுக்கு மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பது. அப்பாவின் திட்டம் அதைவிட எளிமையானது. திருப்பூர் பனியன் கம்பெனியில் சித்தப்பா சூப்பர்வைசர்; ஒரு வார்த்தை சொன்னால் அக்காவுக்கு அங்கே வேலை. இரண்டு திட்டங்களும் சாப்பாட்டு நேரத்தில் பலமுறை மோதின. கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஸ்கூலு வேலை உன் கைக்கு வந்து நின்னுச்சுன்னா இங்கயே இரு கண்ணு. இல்லாட்டி சித்தப்பன் வாரப்ப அவங்கூடக் கெளம்பிக்கோ. அந்தப் பொட்டியையும் வித்துப்போடலாம்."

ஸ்கூல் வேலை என்பது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளின் பட்டியல். தலைமை ஆசிரியர் கீழ்நாட்டிலிருந்து வந்தவர். சனிக்கிழமை இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் மேலே வருவார். வருடா வருடம் பட்டியலைக் கீழே எடுத்துப்போய் அடிப்பதில் அலுத்துப்போய், அக்காவை நம்பி ஒருமுறை கொடுத்துப் பார்த்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் அக்காவின் விரலை ஒடித்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு "பலா மரத்திலிருந்து விழுந்ததால் இடது முழங்காலில் தழும்பு". மீதிப் பாதிக்கு அரிவாள். கரண்ட் இருந்த நேரத்திலெல்லாம் மூன்று வாரம் அடித்து முடித்தாள். அடுத்த திங்கள்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் அந்தப் பட்டியல் கீழே போக வேண்டும். அதே பஸ்ஸில்தான் சித்தப்பாவும் திரும்பிப் போவதாக இருந்தார், அக்காவோடோ, அக்கா இல்லாமலோ.

ஒரு நகல் எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்து வைத்தாள், ஃப்ளாப்பியில். மார்கழி மாதத்துப் பனியில் எங்கள் ஊரில் தீப்பெட்டியே நமத்துப்போகும். ஃப்ளாப்பிக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

அரையாண்டு விடுமுறையின் அந்தச் செவ்வாய்க்கிழமை வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவும் அக்காவும் கோழி விரட்டிக்கொண்டே மிளகைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தது, நான் அதன்முன் அமர்ந்து திரையில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த அப்பா நின்றார். தலையைச் சாய்த்தார்.

"சத்தம் மாறிப்போச்சு சாமி."

"என்னாது சத்தம்?"

"உள்ள இருக்கறதுக்கு. நேத்து வரைக்கும் இப்படிக் கேக்கல."

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் எங்கள் அப்பாவின் காதைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பலாப்பழத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, இது நாளைக்கு, அது மூன்று நாள் கழித்து என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அவரைக் கூட்டிப்போய்த் தட்டச் சொல்வார்கள். அந்த ஞானத்தோடு அவர் குனிந்தார். பெட்டியின் பக்கத் தகடு பிரவுசிங் சென்டரிலேயே தொலைந்துவிட்டதால் உள்ளே எல்லாம் திறந்தே கிடந்தது. சுழன்றுகொண்டிருந்த டிஸ்க்கின் அருகே காதை வைத்தார். நடுவிரல் முட்டியை மடக்கினார். டொக், டொக், டொக்.

திரை நீலமாயிற்று. டிஸ்க் தன் பங்குக்கு "டொக், டொக்" என்று பதில் சொன்னது. அதன்பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் பண்ணலியே சாமி," என்றார்.

சுழலும் டிஸ்க்குக்குள் மயிரிழை இடைவெளியில் ஓர் ஊசித்தலை மிதந்துகொண்டிருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கே தெரியாது. அவர் காது சரியாகத்தான் சொன்னது. அந்த டிஸ்க் ஏற்கெனவே போகிற வழியில்தான் இருந்திருக்கும். கை மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டது. அக்கா உள்ளே ஓடி வந்து, நீலத் திரையைப் பார்த்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "திங்கக்கெழமை," என்று மட்டும் சொன்னாள். அப்பா தட்டிய கதையை அப்பாவும் நானும் அவளிடம் சொல்லவில்லை.

புது டிஸ்க் வாங்கிப் பழையதிலிருந்து எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிப்பது இன்னொரு வழி. அதற்கும் டிஸ்க் வேண்டும். எப்படியும் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். அக்கா, வேறு எதுவும் நடக்காவிட்டால் கையாலாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கார்பன் தாளோடு உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஒரு குரல், "நான் போறேன். எனக்குத் தெரியும்," என்றது. அது என் குரல்தான். மளிகைச் சாமான் சுற்றி வந்த ஒரு கணினிப் பத்திரிகையின் நாலு பக்கத்தை நான் படித்திருந்தேன். நாலு பக்கம் படித்தவனைவிட ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. பின்னாளில் நான் எழுத்தாளனானதற்கும் அதே தகுதிதான்.

"நானும் வாரேன்," என்றார் அப்பா. எல்லோரும் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். மிளகுப் பறிப்பை விட்டுவிட்டு அவர் எதற்கும் நகர்ந்தவர் இல்லை. அக்கா எங்கள் போர்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்துப் பின் குத்திவிட்டாள்.

புதன்கிழமை நான் பஸ்ஸிலும் அப்பா ஒத்தையடிப் பாதையிலுமாக இறங்கினோம். விடியுமுன் கிளம்பியவர், காளப்பநாயக்கன்பட்டியில் என் பஸ் நின்றபோது டீக்கடை பெஞ்சில் இருந்தார். நேராக எனக்கு ஒரு தேங்காய் பன்னும், அது முடிந்ததும் இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தார். என்மேல் அவருக்கு எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்தேன். அது வாயை அடைக்கிற பன் என்பது, எனக்கே பிள்ளை பிறந்து நானும் அதுபோல ஒரு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்த அன்றுதான் புரிந்தது.

கடை பஸ் ஸ்டாப் எதிரே. ஜெராக்ஸ், ரீசார்ஜ், வாட்ச் பேட்டரி, கணினி எல்லாம் ஒரே கூரையில். கடைக்காரர் அக்காவின் சீட்டைப் படித்துவிட்டு, "இந்தப் போர்டுல ரெண்டு மாதிரியும் போடலாமுங்க," என்று இரண்டு டிஸ்க்குகளை எடுத்து வைத்தார். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குப் பழைய அகலப் பட்டை. இன்னொன்றுக்குச் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு சிவப்பு வயர்.

அப்பா இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து, மிளகு எடை பார்ப்பதுபோல ஏற்றி இறக்கினார். நல்லவேளை, தட்டவில்லை.

"அகலமா இருக்கறதே இருக்கட்டுங்க," என்றார். "ஒரு கம்பி அறுந்தாலும் மிச்சம் இருக்குமில்லீங்க?"

"இல்லப்பா, சிவப்புதான். அது சீரியல், இது பேரலல். சீரியல்தான் வேகம்," என்றேன். இரண்டு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. சிவப்பு அழகாக இருந்தது.

"நூலாட்டம் இருக்குது. இதுல எப்படிறா வேகமாப் போவும்? வாய்க்கா அகலமா இருந்தாத்தான தண்ணி நெறையப் போவும்?"

அதற்குப் பதில் இருந்திருக்க வேண்டிய பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் வேறு யாரோ பருப்புக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கடைக்காரர் சிரித்தார்.

"ஏனுங்க, மலையிலிருந்து எப்படி வந்தீங்க?"

"நடந்துதானுங்க. ஒத்தையடிப் பாதைல."

"சரி. நாப்பது பேரு ஒருத்தன் பக்கத்துல ஒருத்தன் வரிசை கட்டி, கையக் கோத்துக்கிட்டு மலை ரோட்டுல ஏறுறாங்கன்னு வெச்சுக்கங்க. வளைவுல என்ன ஆகும்? உள்பக்கம் இருக்கறவன் முன்னால வந்துருவான். வெளிப்பக்கத்தவன் சுத்திக்கிட்டு வருவான். எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேரணும்னா?"

"மெதுவாத்தான் போவணும்."

"அதானுங்க இந்தப் பட்டை. சின்ன வயரு உங்க ஒத்தையடிப் பாதை. ஒருத்தன் பின்னால ஒருத்தன். எவனும் எவனுக்கும் காத்து நிக்க வேண்டியதில்ல. ஓட்டமா ஓடலாம். இன்னொண்ணு, பட்டை போடறது இன்னும் ரெண்டொரு வருசத்துல கெடைக்காது. கம்பெனியே நிறுத்திட்டு வாரான்."

அப்பா கடை வாசல் வழியாக மலையைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க அந்த ரோட்டப் போட்டாங்க?"

"அத நீங்க கவருமெண்டத்தான் கேக்கோணும்."

அப்பா சிவப்பு வயரைக் கையிலெடுத்துவிட்டார். இவ்வளவு தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்கு அதைப் பிறகு விளக்கியதில்லை. ஆனால் ஊருக்குப் போனதும் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய டிஸ்க்கையும் கடைக்காரர் தன் கணினியில் மாட்டி, காதை வைத்துக் கேட்டார். "ஊசி அடிக்குது. சூடானா நின்னுக்கும். நல்லாக் குளுந்து இருக்கறப்ப மாட்டிப் பாருங்க, கொஞ்ச நேரம் ஓடுனாலும் ஓடும்," என்றார். பிறகு ஒரு குட்டி வயரை எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்க பொட்டி பழசு கண்ணு. புது டிஸ்க்குக்குக் கரண்டு போற முனையே வேற. இதையும் வெச்சுக்க."

"எங்க பொட்டில அதெல்லாம் இருக்குதுங்க," என்றேன். கண்ணைச் சுருக்கினேன். உதட்டைப் பிதுக்கினேன். தலையை ஆட்டினேன்.

இல்லை. எங்கள் பெட்டியில் அது இல்லை. அன்று சாயங்காலம், அக்கா சிவப்பு வயரை மாட்டிவிட்டு, கரண்ட் வயருக்காகப் பெட்டிக்குள் கையைவிட்டு ஒவ்வொரு முனையாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் அதில் நுழையவில்லை. "கடைக்காரரு எதுவும் குடுக்கலியா?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டாள்.

"குடுத்தாரு, நீ வேண்டாம்னுட்ட."

"ம்."

"பெரிய இன்ஜினீயரு."

வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வருடம் ஞாபகம் இருந்திருக்காது. வியாழக்கிழமை நான் விழித்தபோது அப்பாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த நாசத்துக்கு, பெரியவர் இருவருக்குமாக நடந்துகொண்டிருந்தார். மதியம் தாண்டித் திரும்பி வந்தவர், முழங்கால்வரை சேறோடு வாசலில் நின்று, இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து அந்தக் குட்டி வயரை எடுத்தார். என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. அம்மா, "இதுக்கா போய்ட்டு வந்தீங்க?" என்றாள்.

"ரெண்டு வாங்கியாந்துட்டேன். இவன் ஒண்ணத் தொலைப்பான்."

மாட்டினோம். புது டிஸ்க் சுழலும் மெல்லிய சத்தம் கேட்டது. ஆனால் கணினி, அப்படி ஒருவர் வீட்டுக்கு வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் "டிஸ்க் இல்லை" என்றே சொன்னது. வெள்ளிக்கிழமை காலையிலும் அதே கதை. நான் மறுபடியும் அறிவாளியானேன்.

"இது டூப்ளிகேட். ஏமாத்திட்டாரு. பட்டையே வாங்கியிருக்கணும்."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றாவது முறையாக இறங்கத் தயார். அக்கா, "இருங்கப்பா," என்றாள். கணினி வந்த அட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். அதன் அடியில், போர்டோடு வந்த ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பிரித்ததில்லை. வீட்டில்தான் ஓர் அறிவாளி இருக்கிறானே. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அகராதியோடு, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தாள். அப்பா துண்டோடு வாசற்படியிலேயே நின்றார். மிளகு வாசனையும் பனியுமாக ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"கதவச் சாத்தி வெச்சிருக்காங்கப்பா," என்றாள்.

"எந்தக் கதவ?"

"இந்தச் சின்ன வயரு மாட்டற ரெண்டு ஓட்டையையும். பிரவுசிங் சென்டருல அது தேவைப்படல, 'வேண்டாம்'னு வெச்சிருக்காங்க. உள்ள போயி 'வேணும்'னு மாத்தோணும். அவ்வளவுதான்."

மாற்றினாள். மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் புது டிஸ்க்கின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்தது. அப்பா துண்டைக் கொடியில் போட்டார். அன்று முழுவதும் சிடியைப் போட்டு விண்டோஸ் ஏற்றினோம். நடுவில் கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை. மின்வாரியத்தை நான் மனமாரப் பாராட்டிய ஒரே நாள் அது.

சனிக்கிழமை விடியற்காலை. பழைய டிஸ்க்கை அக்கா பிளாஸ்டிக் பையில் கட்டி, இரவெல்லாம் வெளியே பாறைமேல் பனியில் வைத்திருந்தாள். எடுத்தபோது கையைச் சுட்டது, அவ்வளவு குளிர்ச்சி. துடைத்து, அதன் பழைய அகலப் பட்டையிலேயே மாட்டினாள். சிவப்பு வயரில் புதியது, பட்டையில் பழையது. இரண்டும் ஒரே போர்டில். பட்டை டிஸ்க்கே வாங்கியிருந்தால் அந்தத் தொப்பியைக் கழற்றி, எஜமான், வேலையாள் பிரச்சினையை விடியுமுன் தீர்த்துக்கொண்டிருப்போம். அக்கா பட்டனில் விரலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க. கையக் கட்டிக்கிட்டு."

அப்பா இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார். அவர் காது சிவந்தது. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை.

டிஸ்க் ஓடியது. டொக் சத்தம் இல்லை. அவள் வேறு எதையும் தொடவில்லை. பட்டியலை மட்டும் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. பாதியில் நின்றன. அம்மா அடுப்படியில் ஊதுகுழலை ஊதாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் ஒரு கட்டம். இன்னும் ஒன்று. முடிந்தது. சற்று நேரத்தில் பழையது இரண்டு முறை தட்டிவிட்டு நின்றுபோனது. அதன்பிறகு எந்தக் குளிருக்கும் எழவில்லை. அக்கா பட்டியலைத் திறந்தாள். முதல் பையன், இடது முழங்காலில் தழும்பு. அப்போதுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். புதுச் சட்டை, கம்பெனிப் பனியன்கள் நாலு, அக்காவுக்கு ஒரு பை. "ஏனுங்ணா, புள்ள துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சுங்களா?" என்றார். அப்பா, "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார். அக்கா திரையிலிருந்து சத்தமாகப் படிக்க, தலைமை ஆசிரியரின் கையெழுத்துத் தாளோடு நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மூலையில் மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ பெயரில் தலையைத் தூக்கினார்.

"அவங்கொப்பன் பேரு அது இல்லியே."

"தாள்ல அப்படித்தாம்பா இருக்குது."

"அது அவன் மாமன் பேரு. அப்பன் செத்துப்போனப்ப அந்தப் பையன் நடக்கவே ஆரம்பிக்கல. மாமந்தான் தூக்கிட்டுப் போயி ஸ்கூல்ல சேத்துனான். வாத்தியாரு, கூட்டியாந்தவன் பேர எழுதிக்கிட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். எங்கள் நாட்டில் யார் பிள்ளை யார் என்று அப்பாவுக்குத் தெரியாதது இல்லை. சேர்க்கும் நாளில் அப்பன் காட்டிலோ கேரளத்துத் தோட்டத்திலோ இருப்பான். கூட்டி வந்த மாமனோ பெரியப்பனோ தகப்பனாகிவிடுவார்கள். கீழிருந்து வந்தவர்களுக்கு அது தெரியாது. எங்களவர்களுக்கோ, எழுதியதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் கிடையாது. பட்டியல் முடிவதற்குள் அப்பா ஐந்து இடத்தில் நிறுத்தினார்.

"தாள்ல இருக்கறத அடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா," என்றார் சித்தப்பா. "எதுத்துப் பேசுனா வாத்தியாரு கோவிச்சுக்குவாரு. உள்ள வேலையும் போவும்."

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பெயர் சாகும்வரை கூட வரும். அக்கா நகத்தைக் கடித்தாள். பிறகு பட்டியலை இரண்டாக நகலெடுத்தாள். ஒன்று தாளில் உள்ளபடி. இன்னொன்று அப்பா சொன்னபடி. அந்த ஐந்து பெயரையும் தனித்தாளில் காரணத்தோடு அடித்தாள். பிரிண்டர் ஊரையே கூட்டும்படி கத்தி முடித்தது.

திங்கள் காலை தலைமை ஆசிரியரின் மேசைமுன் அக்கா நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில். தலைமை ஆசிரியர் முதல் பிரதியைப் புரட்டித் தலையசைத்தார். தனித்தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னம்மா இது? உன்னை டைப் பண்ணத்தானே சொன்னேன்? திருத்தச் சொன்னேனா?"

"இல்லீங்க சார். நீங்க எழுதின மாதிரியே ஒண்ணு இருக்குதுங்க. அதையே அனுப்பிக்கலாமுங்க. இது கேட்டுப் பாக்கறதுக்கு மட்டும்."

"பதினொரு மணிக்கு பஸ். இப்ப போய் யாரைக் கேக்கறது?"

"இங்கதானுங்க சார் இருக்காங்க. பத்தாம் வகுப்புல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மணி அடித்து அந்த ஏழாவதோ எட்டாவதோ பையனை வரவழைத்தார்.

"உங்கப்பா பேர் என்னப்பா?"

பையன் சொன்னான். அது எங்கள் அப்பா சொன்ன பெயர்.

"அப்ப இது யாரு?"

"எங்க மாமனுங்க சார்."

"பத்து வருஷமா வருகைப் பதிவுல இந்த இனிஷியல்தானே கூப்பிடறோம். ஏண்டா சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்க சார்."

அவர் அந்தப் பையனை வகுப்புக்கு அனுப்பினார். மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். பிறகு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முதல் பிரதியை நீளவாக்கில் கிழித்து, இரண்டாவது பிரதியில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். "சேர்க்கைப் பதிவேட்டைத் திருத்த மனு எழுதணும். அஞ்சு குடும்பத்துக்கும். நீயே அடிச்சுக் கொடுத்துடும்மா," என்றார். அலமாரியைத் திறந்து ஒன்பதாம் வகுப்புப் பட்டியல் கட்டையும் எட்டாம் வகுப்புக் கட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் எடுத்துக்க. இதுல எத்தனை மாமன் இருக்காங்களோ."

வாசலில் நின்ற அப்பாவிடம், "உள்ள வாங்க," என்றார். அப்பா, "காலெல்லாம் சேறுங்க," என்றார்.

பதினொரு மணி பஸ்ஸில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்திருந்தார். அப்பா ஜன்னலடியில் போய் நின்றார்.

"அது வரலீப்பா."

"ஏனுங்ணா? கம்பெனில சொல்லி வெச்சிருக்கறனே!"

"வேலை வந்துருச்சு. ஒரு வருசத்துக்கு இருக்கும்போல."

"ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னுங்ணா வேலை?"

"நீயே தீவாளிக்கு வாரப்பப் பாரு," என்றார் அப்பா. சித்தப்பா துண்டை எடுத்துக்கொண்டார். கோழிக்கூடையோடு நின்ற ஒரு பெரியவர் அந்த இடத்தில் பெருமூச்சோடு அமர்ந்தார். பஸ் கிளம்பியது. எலுமிச்சம்பழம் வாங்காத சித்தப்பாவை நினைத்து அப்பா கொஞ்சம் கவலைப்பட்டார்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா கணினிமுன் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்புக் கட்டை என்னிடம் நீட்டினாள், படிக்க. அதில் என் பெயரும் இருந்தது. நான் கையை நீட்டுமுன் அப்பா வாங்கிக்கொண்டார். அவர் ஐந்தாவது வரை படித்தவர். வாசலில், வெளிச்சம் விழும் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாளைத் தூரப் பிடித்து, எழுத்துக் கூட்டினார். முதல் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர் வந்தது. நிறுத்தினார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை எந்த மிளகு விளைச்சலிலும் நான் பார்த்ததில்லை.

"இதும் தப்பு கண்ணு," என்றார்.